எக்கோ நார்மல், ஆனா எம்ஆர்ஐல தழும்பு: டூஷேன் தசைச்சிதைவு உள்ள ஒரு பையன், அவனோட அம்மா - நிகழ்வு ஆய்வு

நான் பிசியோதெரபிஸ்ட், தமிழ்நாட்டோட தென்பக்கம் ஒரு மருத்துவமனைல தசைச்சிதைவு கிளினிக்ல வேலை பாக்குறேன். இந்தக் குடும்பத்துக்கிட்ட சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன், யாருன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு குடும்ப விவரத்த மட்டும் மாத்தியிருக்கேன். மருந்துப் பேரு வர்ற இடத்துல எத்தன மில்லிகிராம்னு எழுதல, அது ஒவ்வொரு பிள்ளையோட எடையும் பிபியும் பாத்து டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

பின்னணி

பையனுக்கு அப்ப 11 வயசு. 4 வயசுல அடிக்கடி விழுறான், கெண்டைக்கால் மட்டும் பெருசா இருக்கு, கீழ உக்காந்தா தொடைல கை ஊனி ஊனித்தான் எந்திரிக்கிறான்னு காட்டியிருக்காங்க. முதல்ல பாத்த இடத்துல ரத்தத்துல எஸ்ஜிபிடிங்கிற என்சைம் கூட இருக்கு, ஈரல்ல பிரச்சினைன்னு சொல்லி ஒரு வருஷம் அந்தப் பக்கமே அலைஞ்சிருக்காங்க. டூஷேன் பிள்ளைங்க நிறைய பேருக்கு இப்படி நடக்குது, அந்த என்சைம் தசைலேருந்தும் வரும், தசை சேதத்தக் காட்டுற சிபிகேன்னு ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். 5 வயசுல சிபிகே எடுத்தப்ப 14,000 தாண்டி இருந்துச்சு, அப்புறம் ஜீன் டெஸ்ட்ல தசை செல்லத் தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோபின் புரதத்துக்கான ஜீனோட 79 துண்டுல (எக்ஸான்) 45லேருந்து 50 வரைக்கும் இல்லன்னு வந்து டூஷேன்னு உறுதியாச்சு. 6 வயசுல டெஃப்லாசகார்ட்ங்கிற ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. பத்தரை வயசுல நடை நின்னுபோய் வீல்சேருக்கு வந்துட்டான்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. வீட்டுல அம்மா, அம்மாவப் பெத்த பாட்டி, 8 வயசுல ஒரு தங்கச்சி. அம்மாவோட கூடப்பிறந்த தம்பி ஒருத்தர் 17 வயசுல இறந்திருக்காரு, கால் விளங்காம இருந்தான்னு மட்டும்தான் வீட்டுல சொல்றாங்க, ஆனா கேக்கக் கேக்க அதுவும் இதே நோய்தான்னு புரியுது. அப்பாவும் அம்மாவும் சொந்தம்ங்கிறதால 'சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி'ன்னு ஊருல பேச்சு. இந்த நோய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, எக்ஸ் குரோமோசோம் வழியா அம்மா பக்கத்துலேருந்து வரலாம், இல்லன்னா அந்தக் குழந்தைக்கிட்டயே புதுசா உண்டாகலாம் (மூணுல ஒரு பங்கு பேருக்கு அப்படித்தான்).

பிறக்குற பையன்கள்ல 3500லேருந்து 5000 பேருக்கு ஒருத்தர்னு டூஷேனுக்குக் கணக்கு சொல்றாங்க. கை கால் தசைய மட்டும் பாத்துப் பாத்து இதயமும் தசைதாங்கிறத மறந்துடுறோம். டிஸ்ட்ரோபின் அங்கயும் இருக்கணும். அது இல்லன்னா ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லோட மேல்சவ்வு கிழியும், கால்சியம் உள்ள புகுந்து செல் சாகும், செத்த எடத்துல தழும்பும் கொழுப்பும் வந்து உக்காரும். ஸ்டீராய்டும், மூச்சுக்கு உதவ ராத்திரில போடுற பைபாப் மிஷினும் வந்தப்புறம் இந்தப் பிள்ளைங்க இருபது முப்பது வயசு வரைக்கும் வாழுறாங்க, அதனால மூச்சுக் கோளாறுக்குப் பதிலா இதயம்தான் இப்ப உயிருக்கு முக்கியமான ஆபத்தா நிக்குது.

என்ன கவனிச்சோம்

வருஷத்துக்கு ஒரு எக்கோ ஒழுங்கா எடுத்துட்டு வந்தாங்க. எல்லா ரிப்போர்ட்லயும் பம்பிங் (இடது கீழறை ஒரு துடிப்புல வெளிய தள்ளுற ரத்தத்தோட சதவீதம்) 60, 62, நார்மல். அப்பா அந்தப் பேப்பர பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருந்தாரு, 'இதயம் மட்டுமாவது நல்லா இருக்கே சார்'னு எங்கிட்டயே சொல்லியிருக்காரு.

எங்க கிளினிக்குக்கு வர்ற குழந்தைகள் இதய டாக்டர் கோப்ப முதல்லேருந்து புரட்டுனப்ப நாலு விஷயம் எடுத்து வச்சாங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே பல்ஸ் 112. ஈசிஜில வி1ங்கிற நெஞ்சு லீடுல ஆர் அலை உயரமா இருக்கு, பக்கவாட்டு லீடுகள்ல கியூ அலை ஆழமா இருக்கு, ரெண்டும் டூஷேன் இதயத்துல நாங்க வழக்கமா பாக்குறது. மூணாவது, அம்மா பேச்சுவாக்குல சொன்னது, ராத்திரி சோறு பாதி தட்டுலயே வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு தள்ளிடுறான், ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூங்குறான். நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பட்டது, கடைசி எக்கோ ரிப்போர்ட்டோட அடில, பம்பிங் எண்ணு கொட்டை எழுத்துல இருக்குற பக்கத்தோட கடைசி வரில, சின்ன எழுத்துல 'படம் தெளிவா கிடைக்கல'ன்னு இருந்துச்சு. ஸ்டீராய்டுல உடம்பு போட்டு, முதுகு லேசா வளைஞ்சு, நெஞ்சுக்கூடும் மாறிப்போன பிள்ளைக்கு எக்கோ கருவி வைக்கவே சரியான இடம் அமையாது. அந்த வரிய யாரும் அந்தக் குடும்பத்துக்குப் படிச்சுச் சொல்லல.

இதயம் தளர்ந்தா மாடி ஏறுனா மூச்சு வாங்கும், நடந்தா களைக்கும்னுதான் எல்லாருக்கும் தெரியும். நடக்கவே நடக்காத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? சாப்பாடு குறையுறது, வயித்து வலி, வாந்தி, எடை இறங்குறது, தூக்கம் கெடுறது, இப்படித்தான் வெளிய வரும். இதெல்லாம் வேற காரணத்தாலயும் வரும்ங்கிறதால குடல் மருந்து குடுத்தே மாசக்கணக்கு ஓடிடும்.

எம்ஆர்ஐ எடுக்கலாம்னு ஏன் முடிவு பண்ணோம்

எக்கோ காட்டுறது இதயம் எவ்வளவு சுருங்கி விரியுதுங்கிறத. தசைக்குள்ள தழும்பு இருக்கான்னு அதால நேராப் பாக்க முடியாது. தேர் இழுக்குறப்ப வடத்துல நாலு பேர் கைய விட்டாலும் தேர் நகரத்தான் செய்யும், அதே மாதிரி ஒரு பக்கச் சுவர் தழும்பாயிட்டாலும் மத்த சுவர் இழுத்துக்கிட்டு பம்பிங் எண்ண கொஞ்ச வருஷம் தாங்கும். அந்தக் கொஞ்ச வருஷம்தான் மருந்து அதிகமா உதவக்கூடிய காலம், எண்ணு விழட்டும்னு காத்திருந்தா அது கைவிட்டுப் போயிடும்.

2018ல வந்த டூஷேன் பராமரிப்பு வழிகாட்டுதல்லயும் இததான் சொல்லியிருக்காங்க, 6, 7 வயசு வரைக்கும் எக்கோ, அதுக்கப்புறம் மயக்கம் இல்லாமப் படுக்க முடியுற பிள்ளைக்கு இதய எம்ஆர்ஐ, வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதயப் பரிசோதனை, அறிகுறி இல்லன்னாலும் 10 வயசுக்குள்ள ஏசிஇ தடுப்பான் (பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்குற மருந்து). இந்தப் பையனுக்கு 11 ஆயிடுச்சு, ரெண்டுமே நடக்கல. டாக்டர் மாத்திரைய உடனே ஆரம்பிக்கலாம்னுதான் சொன்னாங்க, ஆனா அப்பாவுக்கு மனசு ஒப்பல, 'நார்மல்னு எழுதியிருக்கிற இதயத்துக்கு எதுக்கு சார் பிபி மாத்திரை'ன்னு கேட்டாரு. ஏற்கனவே ஸ்டீராய்டு குடுத்து முகம் உப்பி பிள்ளை மாறிப்போனதப் பாத்தவரு, அவரு கேட்டது நியாயந்தான். சரி, முதல்ல படம் எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்னு முடிவாச்சு.

பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல மயக்க மருந்து குடுத்து எடுத்துத் தர்றோம்னாங்க. எங்க டாக்டர் வேணாம்னுட்டாங்க. டூஷேன்ல சக்சினைல்கோலின் ஊசியும், முகமூடி வழியா குடுக்குற மயக்க வாயுவும் தசைய உடைச்சு பொட்டாசியத்த ஏத்திடலாம், இதயம் நின்னுபோன சம்பவம் கூட இருக்கு. வேற வகை மயக்கம் உண்டு, ஆனா பேசுனாப் புரிஞ்சுக்கிற 11 வயசுப் பையனுக்கு மயக்கமே தேவையில்ல, பழக்குனாப் போதும்.

படம் எடுத்த நாள்

பழக்குற வேலை என்னோடது. படம் எடுக்க 45 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுல திரும்பத் திரும்ப மூச்ச வெளிய விட்டுட்டு 10 செகண்ட் போல அப்படியே நிறுத்தணும். தெரபி நேரத்துல போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பழகுனோம், மொதல்ல 4 செகண்ட்ல மூச்சு வாங்கிடுவான், ரெண்டு வாரத்துல 9 வந்துச்சு. அந்த மிஷினோட டக்டக் சத்தத்தயும் போன்ல போட்டுக் காட்டிப் பழக்குனோம்.

அன்னைக்கு அவன நிறுத்துனது சத்தமோ குழாயோ இல்ல, அரைஞாண் கயிறு. அதுல ஒரு உலோகத் தாயத்து. டெக்னீஷியன் கழட்டச் சொன்னாரு, பாட்டி விடல, 'அது அவன் பிறந்ததுலேருந்து இருக்கு, என் மகனுக்குக் கட்டாமத்தான் போச்சு'ன்னு அழுதாங்க. யாரும் அவங்கள அவசரப்படுத்தல. அம்மாதான் வெளிய போய் வெறும் கருப்புக் கயிறு ஒண்ணு வாங்கிட்டு வந்து, அத முதல்ல கட்டிட்டு, அப்புறம் தாயத்த அவிழ்த்துப் பாட்டி கைல குடுத்தாங்க.

வீல்சேர் உள்ள போகக்கூடாது, இரும்பு. அதுக்குன்னு இருக்கிற தள்ளுவண்டில அப்பாவும் நானும் தூக்கி வச்சோம். முழங்கால் நீளாது, அதனால அடில மடிச்ச போர்வை, இடுப்புக்குக் கீழ ஒண்ணு, முழங்கைக்குக் கீழ ஒண்ணு. இத முதல்லயே வசதியா வைக்கலன்னா பாதில வலிக்குதுன்னு அசைவான், படம் எல்லாம் கலங்கிடும். மொதல்ல இதயம் துடிக்கிற படம், அப்புறம் கை நரம்புல கேடோலினியம்ங்கிற சாய மருந்து, பத்து நிமிஷம் கழிச்சு தழும்பு பாக்குற படம். கேடோலினியம் குடுக்குறதுக்கு முன்னாடி கிட்னி பாக்கணும், இந்தப் பிள்ளைங்களுக்கு தசை குறைவுங்கிறதால கிரியாட்டினின் எப்பவுமே கம்மியாத்தான் காட்டும், கிட்னி நல்லா இருக்குன்னு ஏமாத்தும், அதனால தசை அளவச் சாராத சிஸ்டாட்டின் சி டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு.

நல்ல தசைல கேடோலினியம் சீக்கிரம் கழுவிட்டுப் போயிடும், தழும்புல தங்கிடும். அதனால படத்துல நல்ல தசை கருப்பா, தழும்பு வெள்ளையாத் தெரியும். இடது கீழறையோட பின்பக்க வெளிச்சுவர்ல, அதுவும் சுவரோட வெளி அடுக்குல, மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு. டூஷேன்ல தழும்பு வழக்கமா ஆரம்பிக்கிற இடமே அதுதான். ரத்தக்குழாய் அடைச்சு வர்ற மாரடைப்புல தழும்பு உள்பக்கத்துலேருந்து கிளம்பும், இது வெளிப்பக்கத்துலேருந்து. பம்பிங் 59, நார்மல்தான். ஆனா சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு குறுகுதுன்னு பாக்குற ஸ்ட்ரெயின் 14 சதவீதம், சாதாரணமா 18, 20 பக்கம் இருக்க வேண்டியது.

டாக்டர் அந்தப் படத்த அப்பாவுக்குத் திரைலயே காட்டுனாங்க. கோட்ட விரலால தொட்டுக் காட்டுனப்ப அவரு 'இது எத்தன நாளா இருக்கு மேடம்'னு கேட்டாரு. எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது, இனி எவ்வளவு மெதுவா ஓட வைக்கலாம்னுதான் பாக்கணும்னு சொன்னாங்க. மாத்திரைக்கு அன்னைக்கே சரின்னுட்டாரு.

மருந்து முடிவும் அதுக்கான காரணமும்

மொதல்ல பெரிண்டோபிரில், அது ஒரு ஏசிஇ தடுப்பான். பிரான்ஸ்ல ஒன்பதரையிலேருந்து 13 வயசுக்குள்ள பம்பிங் நார்மலா இருந்த 57 பையன்கள வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, பாதிப் பேருக்கு முதல்லேருந்தே பெரிண்டோபிரில், மீதிப் பேருக்கு மூணு வருஷம் கழிச்சு. 2007ல வந்த பத்து வருஷ முடிவுல முதல்லயே ஆரம்பிச்சவங்கள்ல 92.9 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, தள்ளி ஆரம்பிச்சவங்கள்ல 65.5. எண்ணிக்கை சின்னதுதான், ஆனா 'நார்மலா இருக்கே, அப்புறம் பாக்கலாம்'ங்கிற பேச்சுக்கு இதவிட நேரான பதில் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அது கூட எப்ளிரினோன், இதயத்துல தழும்பு கூடாம இருக்கக் குடுக்குற மருந்து. 2015ல அமெரிக்காவுலேருந்து வந்த ஆய்வு, 42 பையன்கள், பம்பிங் நார்மல் ஆனா எம்ஆர்ஐல பாதிப்பு தெரிஞ்சவங்க, அதாவது நம்ம பையன் மாதிரியே. ஒரு வருஷத்துல மருந்து எடுத்தவங்களுக்கு ஸ்ட்ரெயின் இறங்குற வேகம் குறைஞ்சுது. எம்ஆர்ஐ எடுக்கலன்னா இந்த மருந்துக்கு இவன் தகுதியானவன்னே தெரிஞ்சிருக்காது.

ரெண்டு மருந்தும் பொட்டாசியத்த ஏத்தும். அதனால ஒரு வாரத்துலயும் ஒரு மாசத்துலயும் ரத்தம் பாக்கச் சொல்லியிருந்தாங்க. ஒரு மாச டெஸ்ட்ல 5.4னு கூட வந்துச்சு, மருந்த நிறுத்தணுமான்னு யோசிச்சப்ப என்ன சாப்பிடுறான்னு கேட்டா, மாத்திரை சூடுன்னு பாட்டி தினமும் காலைலயும் சாயங்காலமும் இளநீர் குடுத்திருக்காங்க. இளநீர்ல பொட்டாசியம் ரொம்ப. அத நிறுத்துனதும் அடுத்த டெஸ்ட்ல 4.6. நம்ம ஊருல இத மருந்துச் சீட்டுலயே எழுதிக் குடுக்கணும், உணவுக் கட்டுப்பாடுன்னு பொதுவாச் சொன்னா யாரும் இளநீர நினைக்க மாட்டாங்க.

அம்மா

பையன தள்ளுவண்டிக்கு மாத்துன அன்னைக்கு, வெறும் பைய எடுத்துட்டு வந்த அம்மா சுவத்துல சாஞ்சு நின்னு மூச்சு வாங்குனாங்க. வயசு 36. கேட்டா, 'நான் நல்லாத்தான் சார் இருக்கேன், தினம் இவனத் தூக்கி எறக்குறதுல வாங்குது, அவ்ளோதான்'னாங்க. டாக்டர் விடல. சிபிகே 600க்கு மேல. ஜீன் டெஸ்ட்ல அதே 45லேருந்து 50 குறைபாடு ஒரு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, அதாவது கேரியர், நோய் ஜீன சுமக்குறவங்க.

கேரியர் பெண்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நினைப்பு இருக்கு, தப்பு. கை கால் நல்லா இருக்கிற பெண்ணுக்கும் இதயம் மட்டும் பாதிக்கப்படலாம். வயசுக்கு வந்த பெண் கேரியருக்கு மூணுலேருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இதயம் பாக்கணும்னு அதே 2018 வழிகாட்டுதல்ல இருக்கு. இவங்களுக்கு ஒரு ஈசிஜி கூட அதுவரைக்கும் எடுத்ததில்ல. எம்ஆர்ஐ செலவு அவங்க வீட்டுல ஒரு மாச வருமானத்தத் தொடுற தொகை, பையனுக்கு வர்ற உதவித்தொகைய எனக்குச் செலவழிக்கவான்னு மூணு மாசம் தள்ளிப் போட்டாங்க. கடைசில எடுத்தப்ப பம்பிங் 47, அதே வெளிச்சுவர்ல தழும்பு, பையனுக்கு இருந்தத விடத் தடிப்பா.

ஏசிஇ தடுப்பானும், துடிப்ப மெதுவாக்குற பீட்டா பிளாக்கரும் ஆரம்பிச்சாங்க. ஏசிஇ தடுப்பான் கர்ப்பத்துல குழந்தைக்கு ஆபத்து, அதக் கேட்டுத்தான் குடுக்கணும், இவங்க குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருந்ததால அந்தச் சிக்கல் இல்ல. பையன தனியாளாத் தூக்குறத நிறுத்தச் சொன்னோம், சொன்னா மட்டும் நிக்காதுன்னு தெரியும், அதனால கட்டில்லேருந்து சேருக்கு நழுவவிடுற பலகையும் தூக்குற பெல்ட்டும் வீட்டுக்கே போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பழக்குனேன். 'உன்னாலதான் பிள்ளைக்கு வந்துச்சா'ன்னு சொந்தத்துல ஒருத்தர் கேட்டிருக்காங்க. டாக்டர் அப்பாவத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுனாங்க, அதுக்கப்புறம் அந்த வீட்டுல அந்தப் பேச்சு வரலன்னு அம்மா சொன்னாங்க. தங்கச்சிக்கு ஜீன் டெஸ்ட் இப்ப எடுக்கல, அவ வளர்ந்து அவளே முடிவு பண்ற வயசுல எடுக்குறதுன்னு கவுன்சிலிங்ல பேசி வச்சிருக்கோம்.

அதுக்கப்புறம் நடந்தது

13 வயசுக்குள்ள முதுகு வளைவு கூடி உக்காரவே ஒரு பக்கம் சாஞ்சான், கம்பி வைக்கிற ஆபரேஷன்னு முடிவாச்சு. கம்பி வச்சப்புறம் இதய எம்ஆர்ஐ எடுத்தா படத்துல நிழல் விழுந்து கெடலாம், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெண்டாவது எம்ஆர்ஐ. பம்பிங் 57, ஸ்ட்ரெயின் 13, வெள்ளக் கோடு கொஞ்சம் நீண்டிருக்கு. நிக்கல, மெதுவாப் போகுது. மருந்து இல்லன்னா எப்படி இருந்திருக்கும்னு ஒரே ஒரு பையன வச்சுச் சொல்ல முடியாது, அப்படிச் சொல்றது நியாயமும் இல்ல. ஒரு நாள் முழுக்க ஈசிஜி பதியுற ஹோல்டர்ல சராசரி துடிப்பு 100க்கு மேலயே இருந்ததால பீட்டா பிளாக்கரும் சேத்தாங்க, டூஷேன்ல அதுக்கு ஆதாரம் பெரிண்டோபிரிலுக்கு இருக்கிற அளவு உறுதியா இல்லன்னு சொல்லித்தான் சேத்தாங்க.

மயக்க டாக்டர் அந்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட முன்னாடி வச்சுத்தான் திட்டம் போட்டாரு, வாயு இல்லாம நரம்பு வழியா மட்டும் மயக்கம், ஸ்டீராய்டு கூடுதல் டோஸ், சலைன் அளந்து அளந்து. ஐசியூல நாலு நாள் இருந்துட்டு வெளிய வந்துட்டான். இப்ப 14 வயசு, நேரா உக்காருறான், ராத்திரி பைபாப் போட்டுக்கிறான், சாப்பாடு பழையபடி ஆயிடுச்சு. அம்மாவுக்கு பம்பிங் 47லேருந்து 51.

என்ன மாறணும், என்ன மாத்தியிருக்கோம்

எங்க கிளினிக்ல 7 வயசு ஆனதும் எம்ஆர்ஐக்குப் பழக்குறது தெரபியோட சேந்தே ஆரம்பிச்சிடுது, மூச்சுப் பிடிக்கிறதும் மல்லாந்து படுக்குறதும். நடை நிக்கிறதுக்கு முன்னாடியே முதல் படம் எடுத்துடணும், அப்புறம் மடங்குன முழங்காலும் வளைஞ்ச முதுகும் சேந்து படுக்கவே விடாது. எக்கோ ரிப்போர்ட்ல பம்பிங் எண்ணு கூட படம் தெளிவா இருந்துச்சாங்கிறதையும் பெற்றோருக்குச் சொல்லுறோம், தெளிவா இல்லன்னா அத நார்மல்னு கோப்புல எழுதுறதில்ல. 10 வயசுல மாத்திரை பத்தின பேச்சு கட்டாயம். பையனோட கோப்புலயே அம்மாவுக்கு ஒரு பக்கம் போட்டிருக்கோம், கேரியர் டெஸ்ட், ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ தேதி எல்லாம் அதுல, ஏன்னா அவங்களா வந்து எனக்கும் பாருங்கன்னு கேக்க மாட்டாங்க.

இந்தக் குடும்பத்துல ஒண்ணு பாக்கி இருக்கு. அம்மாவோட தங்கச்சிக்கு 24 வயசு, மாப்பிள்ளை பாக்குறாங்க, இந்த நேரத்துல டெஸ்ட் எடுத்தா வெளிய தெரிஞ்சிடும்னு பாட்டி தள்ளிப் போடுறாங்க. அந்தப் பெண்ணே போன மாசம் தனியாப் போன் பண்ணி ஈசிஜி, எக்கோவாவது எடுத்துக்கலாமான்னு கேட்டுச்சு, எடுத்தாச்சு, ரெண்டும் நார்மல்னு வந்திருக்கு. எம்ஆர்ஐக்கும் ஜெனடிக் கவுன்சிலிங்குக்கும் அடுத்த மாசம் தேதி வாங்கி வச்சிருக்கோம்.